உங்கள் போனில் இருப்பது அடுத்தவர் விவரமும்தான்: ஆண்ட்ராய்டு பிரைவசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரைவசி என்று பேச்சை எடுத்தாலே "என்கிட்ட மறைக்கிறதுக்கு என்னங்க இருக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். சரி, உங்களிடம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் போனில் நம்பர் இருக்கிறதே, அந்த நானூறு ஐந்நூறு பேர்? தங்கை நம்பர், பிள்ளையின் டியூஷன் டீச்சர் நம்பர், அப்பாவைப் பார்க்கும் டாக்டரின் சொந்த நம்பர், எப்போதோ சேர்ந்து வேலை பார்த்த தோழி நம்பர். எல்லாம் உங்களை நம்பிக் கொடுத்தவை. ஏதோ ஒரு ஆப் கேட்டதும் 'அலவ்' தட்டும்போது அத்தனை பேர் சார்பிலும் நீங்களே சம்மதம் சொல்லிவிடுகிறீர்கள். அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டி பாஸ்வேர்டில் தொடங்கவில்லை. முதலில் அடைக்க வேண்டியது காண்டாக்ட்ஸ். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தொடங்கும் முன்

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள போனை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 2021க்குப் பிறகு வாங்கிய பெரும்பாலான போன்களில் அது இருக்கும். சாம்சங், ஷாவ்மி, விவோ, மோட்டோரோலா என்று கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் மாறும். கீழே சொல்லும் இடம் கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடியுங்கள், வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் படியை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

படி 1: காண்டாக்ட்ஸ் கதவை மூடுங்கள்

செட்டிங்ஸ் > பிரைவசி > பெர்மிஷன் மேனேஜர் > காண்டாக்ட்ஸ். சில போன்களில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' என்று இருக்கும். உள்ளே போனால் அனுமதி பெற்ற ஆப்கள் மேலே, பெறாதவை கீழே என்று இரண்டு பட்டியல் தெரியும். மேலே உள்ள பட்டியலை நிதானமாகப் படியுங்கள். ஷாப்பிங் ஆப், போட்டோவை அழகாக்கும் ஆப், பசங்க விளையாடும் கேம், எப்போதோ ஒருமுறை பஸ் டிக்கெட் போட்ட ஆப் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

உண்மையிலேயே காண்டாக்ட்ஸ் தேவைப்படுவது போன் பேசும் ஆப்புக்கும் மெசேஜ் ஆப்புக்கும்தான். வாட்ஸ்அப்புக்குக் கொடுக்காவிட்டாலும் அது ஓடும், பெயருக்குப் பதில் நம்பர் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சிரமம் வேண்டாம் என்று அதற்கு மட்டும் கொடுத்து வைப்பதில் தவறில்லை. யுபிஐ ஆப்களுக்குக் கட்டாயமில்லை. கியூஆர் ஸ்கேன் செய்தோ நம்பரைத் தட்டியோ பணம் அனுப்பலாம். மீதி எல்லாவற்றுக்கும் 'டோண்ட் அலவ்'. ஏதாவது ஓடாமல் நின்றால் திரும்பக் கொடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எதுவும் நிற்காது.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இந்த ஒரு அனுமதி என்ன செய்யும் என்பதை நம் ஊரில் கண்ணால் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில் உடனடிக் கடன் ஆப்கள் பெருகின. ஐயாயிரம், பத்தாயிரம் என்று சின்னக் கடன். ஆப்பை நிறுவும்போதே காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் வாங்கிக்கொள்வார்கள். தவணை ஒருநாள் தள்ளினால் கடன் வாங்கியவருக்கு மட்டும் போன் வராது. அவருடைய மாமனாருக்கு வரும், மேனேஜருக்கு வரும், எதிர்வீட்டுக்காரருக்கு வரும். படத்தை மார்ஃபிங் செய்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். உயிரை விட்டவர்கள் உண்டு. அந்த மிரட்டலுக்கு முழு ஆயுதமும் காண்டாக்ட்ஸ் பட்டியல்தான். அது கையில் இல்லாமல் அந்தத் தொழிலே நடந்திருக்காது.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. கடன் ஆப் காண்டாக்ட்ஸ், கால் லாக், ஃபைல்கள் எதையும் தொடக்கூடாது. அடையாளச் சரிபார்ப்புக்காக கேமரா, மைக், இருப்பிடம் மட்டும், அதுவும் ஒரே ஒருமுறை, சம்மதம் வாங்கிக் கேட்கலாம். 2023 மே 31 முதல் கூகுளும் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்களுக்குக் காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் தடை செய்தது. ஆகவே இன்றைக்கு ஒரு கடன் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால் வேறு எதையும் ஆராய வேண்டாம். உடனே நீக்குங்கள்.

இன்னொரு வேலை பாக்கி. அனுமதியை ரத்து செய்வது இனிமேல் போவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே போனது அவர்கள் சர்வரில் அப்படியே இருக்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்: செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' போய், 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்' உள்ளே 'அப்லோட் காண்டாக்ட்ஸ்' என்பதை அணையுங்கள். ஏற்றிய பட்டியலை நீக்கும் வசதியையும் அங்கேயே தேடுங்கள்.

டெலிகிராம்: செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. அடியில் 'சிங்க் காண்டாக்ட்ஸ்' என்பதை அணைத்துவிட்டு 'டிலீட் சிங்க்டு காண்டாக்ட்ஸ்' தட்டுங்கள்.

யார் அழைக்கிறார்கள் என்று பெயர் காட்டும் ஆப்களையும் ஒருமுறை யோசியுங்கள். உங்களுக்கு வசதிதான். ஆனால் ஒரு பெண்ணின் நம்பரை வைத்து முன்பின் தெரியாத ஒருவர் அவள் பெயரைக் கண்டுபிடிக்க முடிவதும் அதே வசதியால்தான். ட்ரூகாலரின் தளத்தில் 'அன்லிஸ்ட்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே உங்கள் நம்பரைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லலாம். உங்களுக்கு அந்த ஆப்பில் கணக்கு இருந்தால் முதலில் கணக்கை மூட வேண்டும்.

படி 2: இருப்பிடம்

எங்கள் பெரியம்மா போனைச் சரிபார்த்தபோது ஒரு ஆப் காண்டாக்ட்ஸ், இருப்பிடம், போட்டோ மூன்றும் வாங்கி வைத்திருந்தது.

"பெரியம்மா, இது என்ன ஆப்?"

"அது பஞ்சாங்கம்பா. காலைல எந்திரிச்சதும் ராகு காலம் பாத்துக்குவேன்."

"ராகு காலம் சொல்ல உங்க நம்பர் லிஸ்ட் எதுக்கு?"

"அதான் கேட்டுச்சு, குடுத்தேன். குடுக்கலன்னா தொறக்காதோன்னு நெனச்சேன்."

பஞ்சாங்க ஆப்புக்கு இருப்பிடம் கேட்க நியாயம் இருக்கிறது. ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது, நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் சில நிமிடம் மாறும். ஆனால் அதற்கு ஊர் தெரிந்தால் போதும், தெருவும் வீடும் எதற்கு? இதற்குத்தான் ஆண்ட்ராய்டு 12 ஒரு நல்ல வசதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆப்பின் இருப்பிட அனுமதியிலும் 'யூஸ் பிரிசைஸ் லொகேஷன்' என்ற பொத்தான் இருக்கும். அதை அணைத்தால் துல்லியமான இடம் போகாது, உத்தேசமான பகுதி மட்டும் போகும். பஞ்சாங்கம், வானிலை, செய்தி, ஷாப்பிங் இவற்றுக்கெல்லாம் அதுவே அதிகம். பெரியம்மா போனில் காண்டாக்ட்ஸ், போட்டோ இரண்டையும் எடுத்துவிட்டு இருப்பிடத்தை உத்தேசம் ஆக்கினோம். ராகு காலம் வழக்கம்போல வருகிறது.

டாக்சி, ஆட்டோ, சாப்பாடு டெலிவரி ஆப்களுக்குத் துல்லியம் தேவை. அவற்றுக்கு 'அலவ் ஒன்லி வைல் யூசிங் தி ஆப்' போதும். 'அலவ் ஆல் தி டைம்' என்பது மேப் வழியாகக் குடும்பத்தாரோடு இடம் பகிர்வது போன்ற ஒன்றிரண்டு வேலைக்கு மட்டுமே.

அடுத்து கூகுள் கணக்கு. இங்கே ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒன்றை வெளிக்கொண்டுவந்தது. 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்தவர்களின் இருப்பிடமும் கூகுளிடம் பதிவாகிக்கொண்டிருந்தது. காரணம், 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற இன்னொரு பொத்தான் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்தால் அதற்கும் இருப்பிடத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்குத் தோன்றும்? இந்த விவகாரத்தில் 2022ல் அமெரிக்காவின் 40 மாகாணங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. நமக்கு இதில் உள்ள பாடம் எளிது: இரண்டு பொத்தானையும் பாருங்கள். செட்டிங்ஸ் > கூகுள் > மேனேஜ் யுவர் அக்கவுண்ட் > டேட்டா அண்ட் பிரைவசி. அங்கே 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி', 'டைம்லைன்', 'யூடியூப் ஹிஸ்டரி' மூன்றும் வரிசையாக இருக்கும். வேண்டாததை அணையுங்கள். முழுக்க அணைக்க மனமில்லை என்றால் 'ஆட்டோ டிலீட்' போய் 3 மாதம் என்று வையுங்கள். 3, 18, 36 மாதம் என்று மூன்று தேர்வு உண்டு.

இருப்பிடத்தைப் பற்றிப் பேசும்போதே போட்டோவையும் சொல்லிவிடுகிறேன். கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்' ஓடினால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் எழுதப்படும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். பழைய சைக்கிளை விற்க வீட்டு வாசலில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது இது நினைவில் இருக்கட்டும்.

படி 3: மைக், கேமரா, அப்புறம் அந்த 'ஒட்டுக்கேட்கும்' சந்தேகம்

மைக்கோ கேமராவோ ஓடினால் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும். 'பிரைவசி டேஷ்போர்ட்' திறந்தால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எப்போது எதைத் தொட்டது என்று நேரத்தோடு தெரியும். சந்தேகமானதை அங்கிருந்தே நிறுத்தலாம். இந்தப் படியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் "நேத்து வீட்ல மிக்ஸி வாங்கணும்னு பேசினோம், இன்னைக்கு மிக்ஸி விளம்பரம் வருது" என்று எல்லோரும் சொல்கிறோமே, அதைப் பேசியே ஆக வேண்டும். 2018ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து அனுப்பியதற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. சில ஆப்கள் நம் திரையைப் படமெடுத்து வெளி நிறுவனத்துக்கு அனுப்பியதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் மிக்ஸி விளம்பரம் எப்படி வந்தது? மைக் இல்லாமலே வர நிறைய வழி இருக்கிறது. உங்கள் மனைவி தன் போனில் மிக்ஸி விலை பார்த்திருப்பார். இரண்டு போனும் வீட்டு வைஃபையில் ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் உங்கள் வீட்டு இணைப்பைக் காட்டும் எண்) இருக்கின்றன. போன வாரம் நீங்கள் பாத்திரக் கடையில் நம்பர் சொல்லி பில் போட்டீர்கள். கடைகள் தங்கள் வாடிக்கையாளர் நம்பர் பட்டியலை விளம்பரத் தளங்களில் ஏற்றி "இவர்களுக்குக் காட்டு, இவர்களைப் போன்றவர்களுக்கும் காட்டு" என்று சொல்ல முடியும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் நடத்தும் மெட்டாவில் அதற்கு 'கஸ்டம் ஆடியன்ஸ்' என்று பெயர். என்னைக் கேட்டால் ஒட்டுக்கேட்பதைவிட இதுதான் மோசம். மைக்கை அணைத்துவிடலாம், அடுத்தவர் கையில் இருக்கும் நம்பர் பட்டியலை நாம் அணைக்க முடியாது.

படி 4: விளம்பர அடையாளத்தை அழியுங்கள்

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு விளம்பர எண் உண்டு. பத்து ஆப்களில் நீங்கள் செய்வதை ஒரே ஆள் செய்ததாகக் கோர்ப்பது அந்த எண்தான். செட்டிங்ஸ் > பிரைவசி > ஆட்ஸ் > டிலீட் அட்வர்டைசிங் ஐடி. இரண்டு தட்டல், முடிந்தது. விளம்பரம் நிற்காது, உங்களைத் தொடர்வது குறையும்.

மெட்டா கணக்கு இருந்தால் அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். எந்தெந்தக் கடை, எந்த ஆப், எந்த இணையதளம் உங்களைப் பற்றி மெட்டாவுக்குச் சொன்னது என்ற பட்டியல் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை கீழே வரை படித்தவருக்கு இந்த வழிகாட்டியே தேவைப்படாது. பழையதை அழித்து, இனி சேர்க்காதே என்றும் அங்கேயே சொல்லலாம்.

படி 5: வாட்ஸ்அப்

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைக்கும் நடுவே யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகின்றன. அது உண்மை. ஆனால் கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தானாக வராது. செட்டிங்ஸ் > சாட்ஸ் > சாட் பேக்கப் > 'எண்ட் டு எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்' என்பதை நாமே போட வேண்டும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறந்தால் பேக்கப் திரும்ப வராது.

பிறகு செட்டிங்ஸ் > அக்கவுண்ட் > டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் வையுங்கள். யாராவது உங்கள் ஓடிபியை ஏமாற்றி வாங்கினாலும் இந்தப் பின் இல்லாமல் கணக்கைக் கைப்பற்றுவது கடினம். 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் லாக்அவுட் செய்யுங்கள். பிரைவசி > குரூப்ஸ் போய் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். ஷேர் மார்க்கெட் ஆசை காட்டும் குரூப்களில் தெரியாதவர்கள் உங்களைச் சேர்ப்பது அதோடு நிற்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை நிறுவும் ஃபைலை, திறக்கவே திறக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும், டிராஃபிக் ஃபைன் சலான் என்று வரும், பேங்க் கேஒய்சி என்று வரும். தெரிந்தவர் நம்பரில் இருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், ஆப்பாக வராது. அவசரத்தில் நிறுவிவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தை அணைத்துவிட்டு, செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் போங்கள். 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' உள்ள ஆப்பால் உங்கள் ஓடிபியைப் படிக்க முடியும். 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி உள்ள ஆப்பால் உங்கள் திரையையே இயக்க முடியும். இரண்டிலும் தெரியாத பெயர் இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.

படி 6: பிரவுசர்

பெரியவர்கள் போனில் நாள் முழுக்க "உங்கள் போனில் வைரஸ்", "நடிகையின் அதிர்ச்சி வீடியோ" என்று வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஏதோ ஒரு செய்தித் தளத்திலோ ராசிபலன் தளத்திலோ 'அலவ்' தட்டியிருப்பார்கள். குரோம் > செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் அல்லது சைட் செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே உள்ள தளங்கள் எல்லாவற்றையும் தடை செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டில் பிரவுசரை மாற்றத் தயார் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் சேர்ப்பதைத்தான் பரிந்துரைப்பேன். தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றை இரண்டு பிரவுசரிலும் திறந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்தத் தளங்கள் விளம்பர வருமானத்தில்தான் ஓடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மதிக்கும் பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள். ஒரு செய்தியைப் படிக்க வந்தவரின் விவரத்தைப் பல நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுப்பதை நியாயமான விலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

குரோமில் ரகசியமாக உலாவ என்று இருக்கும் 'இன்காக்னிட்டோ' பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் போனில் தடம் விடாது, அவ்வளவுதான். போகும் தளத்துக்கும் நெட் கொடுக்கும் கம்பெனிக்கும் நீங்கள் தெரிவீர்கள். இன்காக்னிட்டோவில் உலாவியவர்களின் விவரமும் சேர்க்கப்பட்டது என்று 2020ல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், 2024ல் கூகுள் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

படி 7: போனுக்கு வெளியே

செட்டிங்ஸ் எல்லாம் சரிசெய்துவிட்டு பில் கவுண்டரில் நம்பரைச் சொன்னால் பாதி வேலை வீண். துணிக்கடையில் இந்தப் பேச்சு நமக்கெல்லாம் பழக்கம்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க."

"நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காது சார்."

"கடை நம்பரையே போட்டுக்கோங்கம்மா, பரவால்ல."

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பத்து இலக்கம் அடிப்பார், பில் வந்துவிடும். கோபப்படத் தேவையில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தெளிவாகச் சொல்லிவிட்டது: பில் போட மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை. வாரண்டி, டோர் டெலிவரி, எக்ஸ்சேஞ்ச் போன்றவற்றுக்கு நம்பர் கொடுப்பது நம் விருப்பம்.

அடுத்து ஜெராக்ஸ் கடை. ஆதார் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும். நமக்கு முன்னால் வந்தவரின் பான் கார்டு, அதற்கு முந்தையவரின் பேங்க் பாஸ்புக், ஒரு பெண்ணின் மார்க் ஷீட் எல்லாம் வரிசையாகத் தெரியும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அந்தக் கம்ப்யூட்டரை வேறு யாரெல்லாம் தொடுகிறார்கள்? பென் டிரைவில் கொண்டுபோய், பிரிண்ட் எடுத்ததும் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்தான் வழி என்றால், பிரிண்ட் கைக்கு வந்ததும் 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள், டவுன்லோட் ஆன ஃபைலையும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். இப்படிக் கேட்பது அவமரியாதை இல்லை.

லாட்ஜில், வாடகை வீட்டில் ஆதார் கேட்டால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு' என்பதை டிக் செய்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதி வரும். ஃபைலின் பாஸ்வேர்ட் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் (பெரிய எழுத்தில்) பிறந்த வருடமும். அங்கேயே 'பயோமெட்ரிக் லாக்' போட்டு வைத்தால் உங்கள் கைரேகையை வைத்து வேறு யாரும் சரிபார்க்க முடியாது. ரேஷன் கடையில் ரேகை வைக்கும் முன் திறந்துகொள்ள மறக்காதீர்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாதி' தளத்தில் பார்க்கலாம். நம்பரும் ஓடிபியும் கொடுத்தால் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். போன் தொலைந்தால் அதை முடக்குவதும் இதே தளத்தில்தான்.

படி 8: டிவி

ஸ்மார்ட் டிவி திரையில் ஓடுவது என்ன என்று தானே அடையாளம் கண்டு அனுப்பும் வசதி பல மாடல்களில் உண்டு. அமெரிக்காவின் விசியோ நிறுவனம், சொல்லாமல் கொள்ளாமல் நொடிக்கு நொடி இதைச் சேகரித்ததற்காக 2017ல் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங் டிவியில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று தேடி அணையுங்கள்.

ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றால்

நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நம் விவரத்தை வைத்திருப்பவர் கோட்டைவிடலாம். 2024ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ ஆவணங்கள் உட்பட, டெலிகிராம் பாட் (கேட்டதும் தானாகப் பதில் தரும் கணக்கு) வழியாக வெளியே கிடைத்தன. 3.1 கோடி பேருடையது தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாலிசி எடுத்தவர் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை.

உங்கள் இமெயில் எந்தக் கசிவில் சிக்கியது என்று 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் பார்க்கலாம். சிக்கியிருந்தால் அந்தத் தளத்தின் பாஸ்வேர்டையும், அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்தீர்களோ அவற்றையும் மாற்றுங்கள். பணம் போய்விட்டால் எதையும் யோசிக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கச் சொல்லும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

இனி சட்டம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதன்படி சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று. பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு சம்மதம் வாங்கிய காலம் அதோடு முடிய வேண்டும். விவரத்தை அழிக்கச் சொல்லும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அந்த நாள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்பிலோ தளத்திலோ 'கிரீவன்ஸ் ஆஃபீசர்' (குறைதீர்ப்பு அதிகாரி) என்று தேடினால் ஒரு இமெயில் கிடைக்கும். கடையாக இருந்தால் பில்லின் பின்புறம் பாருங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் மொபைல் எண் உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் இருப்பதால் விளம்பர அழைப்புகளும் செய்திகளும் வருகின்றன. இதற்கு நான் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்கள் என்னென்ன, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். பில் கணக்குக்குச் சட்டப்படி தேவையானது தவிர மற்றதை நீக்கிவிட்டு எழுத்துமூலம் உறுதி செய்யவும்."

தேதி போட்டு அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சமூக வலைத்தளங்கள் போன்ற இணைய நிறுவனங்கள் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2021 தகவல் தொழில்நுட்ப விதி. கடை பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம், தமிழிலேயே பேசலாம்.